நோய்க்குத் தீனியா, நோயாளிக்கு உணவா?

இரத்தப் புற்றுநோய்க்கு மருந்தேற்றிக்கொண்டு வீடு திரும்பும் ஒருவருக்கு எதைச் சமைத்துப் போடுவது என்னும் கேள்வி, மருத்துவமனை வாயிலைத் தாண்டியவுடனே எழுந்துவிடுகிறது. பிடோக் அடுக்குமாடி வீடுகளில் இதற்கு விடை சொல்லப் பலர் இருக்கின்றனர். ஊரிலிருந்து தொலைபேசியில் பேசும் பெரியம்மா, கஞ்சியும் இரசமும் போதும் என்பார். எதிர்வீட்டுச் சீன மூதாட்டி வேர்களையும் உலர்ந்த பழங்களையும் இட்டுக் காய்ச்சிய சூப்புடன் வந்து நிற்பார். உடன் வேலை செய்யும் நண்பரோ, சர்க்கரையும் இறைச்சியும் புற்றுக்குத் தீனி, அவற்றை நிறுத்தினால் நோய் பட்டினியால் செத்துப்போகும் என்று கைப்பேசிக்கு வந்த செய்தியைக் காட்டுவார். அனைவரும் அன்பினால் சொல்பவர்களே. எனினும் கடைசியாகச் சொன்ன சொல் வீட்டாரின் மனத்தில் முள்ளாகத் தைத்துவிடுகிறது. நோயாளிக்குச் சோறிட்டால் நோய்க்கும் சோறிட்டதாகுமோ?

இந்த ஐயத்தை அறியாமை என்று தள்ளிவிடுவதற்கில்லை. இரத்தப் புற்றுநோய்க்கு முதன்முதலில் மருந்து கண்ட வரலாறே ஏறக்குறைய இக்கேள்வியிலிருந்துதான் பிறந்தது. அவ்வரலாற்றில் சென்னைக்கும் பங்குண்டு.

1928ஆம் ஆண்டில் லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவ அம்மையார் இந்தியாவுக்கு வந்தார். பம்பாய் நெசவாலைகளில் உழைத்த ஏழைப் பெண்கள் பலர் கருவுற்ற காலத்தில் கொடிய சோகைக்கு ஆளாகியிருந்தனர். அதன் காரணத்தைத் தேடிய அம்மையார் பம்பாயிலும், குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும், இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என்று வழங்கும் சென்னைத் திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியிலும் ஆய்வு நடத்தினார். ஈஸ்ட்டுச் சாற்றை உண்ணக் கொடுத்ததும் அப்பெண்களின் இரத்தம் தேறியது என்று 1931இல் அறிவித்தார். அவர் கையாண்ட சாறு வேறொன்றுமில்லை. இன்று பிடோக் கடைகளில் ரொட்டிக்குத் தடவவும் கஞ்சியில் கலக்கவும் வாங்குகிறார்களே, அந்த மார்மைட்தான். அதிலிருந்த சத்து கீரையிலும் ஈரலிலும் உண்டு என்பது பின்னர் விளங்கியது. 1941இல் அமெரிக்க அறிஞர்கள் நான்கு டன் ஸ்பினாச்சுக் கீரையிலிருந்து அதனைப் பிரித்தெடுத்து, இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லை வைத்து ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டனர்.

இச்சத்தை ஆய்வுக்கூடத்திலேயே செய்யும் வழியைக் கண்ட குழுவுக்குத் தலைவராயிருந்தவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். 1895இல் ஆந்திரத்துப் பீமவரத்தில் பிறந்து, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் மாநிலக் கல்லூரியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் பயின்று அமெரிக்கா சென்றவர். அவருடைய உடன்பிறந்தார் இருவர், ஸ்புரூ என்னும் குடல் நோயால் அடுத்தடுத்து மாண்டனர். உண்ட உணவின் சத்தைக் குடல் ஏற்காமல் உடல் வற்றிப்போகும் நோய் அது. ஃபோலிக் அமிலமே அதற்கும் உதவும் மருந்தாயிற்று என்பதை எண்ணும்போது, சுப்பாராவ் அந்தச் சத்தை ஏன் அவ்வளவு விடாமல் துரத்தினார் என்பது புரிகிறது.

அதே காலத்தில் போஸ்டன் சிறார் மருத்துவமனையில் டாக்டர் சிட்னி ஃபார்பர் இரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளைக் கவனித்துவந்தார். சோகையைத் தீர்க்கும் சத்து இவர்களுக்கும் நன்மை செய்யலாம் என்று எண்ணி ஃபோலிக் அமில இனத்துப் பொருள்களைக் கொடுத்துப் பார்த்தார். நேர்ந்தது வேறு. நோய் முன்னிலும் விரைந்து வளர்ந்தது. வேறொருவராயிருந்தால் அத்துடன் கைவிட்டிருப்பார். ஃபார்பரோ, இச்சத்து நோயணுவை வளர்க்குமாயின் இச்சத்தைத் தடுத்தால் நோயணு நிற்க வேண்டும் அல்லவா என்று சிந்தித்தார். சுப்பாராவின் ஆய்வுக்கூடம் அதற்கேற்ற பொருளைச் செய்து அனுப்பியது. பார்வைக்கு ஃபோலிக் அமிலம் போலவே இருக்கும்; அணு அதனை நம்பி ஏற்றுக்கொள்ளும்; ஆனால் பயன்படாது. கள்ள நாணயம் போன்ற இந்த மருந்துக்கு அமினோப்டெரின் என்று பெயர். 1947ஆம் ஆண்டு இறுதியில் தொடங்கி 16 குழந்தைகளுக்குக் கொடுத்ததில் 10 பேரிடம் நோய் தணிந்தது. 1948 ஜூனில் இச்செய்தி வெளிவந்தது. தணிவு சில காலமே நீடித்தது எனினும் அதுவரை யாரும் அதனைக்கூடக் கண்டதில்லை. அவ்வாண்டு ஆகஸ்டில் சுப்பாராவ் 53ஆம் வயதில் காலமானார். அமினோப்டெரினின் தம்பியான மெத்தோட்ரெக்சேட் இன்றும் சிங்கப்பூர் மருத்துவமனைகளில் நாள்தோறும் பயன்படுகிறது.

இரண்டாவது சான்றும் உண்டு. அஸ்பாரஜின் என்பது புரதத்தின் கூறுகளுள் ஒன்று. நலமுள்ள அணுக்கள் பெரும்பாலும் அதனைத் தாமே செய்துகொள்ளும். சிலவகை இரத்தப் புற்றணுக்களுக்கு அத்திறன் போதாது, இரத்தத்தில் மிதந்துவருவதை எடுத்துக்கொண்டே பிழைக்கின்றன. அஸ்பாரஜினேஸ் என்னும் ஊசி மருந்து அதனை இரத்தத்திலேயே சிதைத்துவிடுகிறது. அஸ்பாரஜின் இல்லாத உணவு என்று தேடி உண்டு இந்த வேலையைச் செய்ய முடியாது. தட்டில் இல்லாவிட்டால் ஈரல் செய்துகொடுத்துவிடும்.

ஆகவே நோயணுவைப் பட்டினி போடலாம் என்ற எண்ணத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்தப் பட்டினி, அணுவின் வாயருகே நின்று குறிப்பிட்ட ஒரு சத்தை மட்டும் தட்டிப்பறிக்கும் பட்டினி. மருந்தினால் மட்டுமே இயல்வது. தட்டைக் காலியாக வைத்தால் நடப்பது முற்றிலும் வேறு. இரத்தத்தில் சர்க்கரையும் புரதக் கூறுகளும் குறையாதபடி உடல் தன் கையிருப்பை எடுத்துச் செலவிடத் தொடங்குகிறது. புற்றணுவுக்கு வேண்டியது அப்போதும் கிடைத்துக்கொண்டே இருக்கும். செலவாகும் அந்தக் கையிருப்புதான் தசை.

எடை சொல்லாத செய்தி

தசை என்றவுடன் பளு தூக்குவோரின் புஜங்களே நினைவுக்கு வருகின்றன. நோய்க்காலத்தில் அதன் முதன்மையான பணி வேறு. காய்ச்சல் வரும்போதும், வாய்ப்புண்ணால் உணவு இறங்காதபோதும், மருந்தினால் அழிந்த வெள்ளணுக்களை எலும்பு மஜ்ஜை மீண்டும் உண்டாக்கும்போதும், அதற்கு வேண்டிய புரதக் கூறுகளைக் கடன் கொடுக்கும் களஞ்சியம் அது. இருமிச் சளியை வெளியேற்றுவதும் தசையின் வேலையே. களஞ்சியம் சிறுத்தவர் ஒரு சாதாரண நுரையீரல் தொற்றிலிருந்து மீள்வதற்கே திணறுவார்.

இந்தக் களஞ்சியம் குறைவதை எடைக்கருவி காட்டுவதில்லை என்பதுதான் தொல்லை. குழந்தைகளிடமும் இளைஞரிடமும் மிகுதியாகக் காணப்படும் லிம்ஃபோபிளாஸ்டிக் வகை இரத்தப் புற்றுநோய்க்கு முதல் நான்கைந்து வாரங்கள் பிரெட்னிசொலோன் அல்லது டெக்ஸாமெதசோன் என்னும் ஸ்டீராய்டு மருந்துகளை நாள்தோறும் கொடுக்கின்றனர். அவை பசியைக் கிளப்பும். நள்ளிரவில் எழுந்து நூடல்ஸ் கேட்கும் பிள்ளையை அந்த வாரங்களில் காணலாம். முகம் நிலவுபோல் உருண்டு, வயிறு முன்தள்ளி, எடையும் ஏறும். பிள்ளை தேறிவிட்டான் என்று பாட்டி மகிழ்வார். அதே மருந்து தொடையிலும் தோளிலும் உள்ள தசையை உள்ளுக்குள் கரைத்துக்கொண்டிருக்கும். தரையில் அமர்ந்த பிள்ளை கையூன்றாமல் எழ முடியாதபோதுதான் அது தெரியவரும். உடன் கொடுக்கும் வின்கிரிஸ்டின் நரம்பைத் தளர்த்தி நடையைக் குறைக்கிறது. நடவாத காலின் தசை மேலும் தேய்கிறது. நோயே இல்லாத முதியவர்களைப் பத்து நாள் படுக்கையில் இருக்கவைத்து ஆராய்ந்ததில், கால்களில் மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை குறைந்தது என்று 2007இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. இரத்தப் புற்றுநோயின் இன்னொரு பெரும் வகையான மயிலாய்டு வகைக்கு மருந்தேற்றும் பெரியவர்கள், முதற் சுற்றிலேயே மருத்துவமனையில் ஒரு மாதம் போலத் தங்க நேர்கிறது.

கொழுப்பு இரண்டு கிலோ கூடி, நீர் ஒரு கிலோ கோத்து, தசை மூன்று கிலோ குறைந்தால் எடைக்கருவியின் முள் அசையாது. மருத்துவ அட்டையில் ‘எடையில் மாற்றமில்லை’ என்று எழுதப்பட்டுவிடும்.

இந்தியர்களுக்கு இதில் கூடுதல் எச்சரிக்கை தேவைப்படுகிறது. எடையைக் கிலோவில் எடுத்து, உயரத்தை மீட்டரில் எடுத்து, உயரத்தின் வர்க்கத்தால் எடையை வகுத்து வரும் எண்ணை உடல் எடைக் குறியீடு என்பர். சிங்கப்பூர்ச் சீனர், மலாய்க்காரர், இந்தியர் மூவினத்தாரின் உடற்கொழுப்பையும் உரிய கருவிகளால் அளந்து 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், இக்குறியீடு ஒன்றாகவே இருக்கும்போதும் இந்தியர் உடலில்தான் கொழுப்பின் பங்கு மிகுதி என்று கண்டனர். ஐரோப்பியரிடம் குறியீடு 30ஐ எட்டும்போது காணும் கொழுப்பு, சீனர் மலாய்க்காரரிடம் 27 அளவிலும் இந்தியரிடம் 26 அளவிலுமே வந்துவிடுகிறது. 2002 ஜூலையில் உலகச் சுகாதார நிறுவனத்தின் வல்லுநர்கள் சிங்கப்பூரிலேயே கூடி, ஆசியர்க்கு 23, 27.5 என்னும் எல்லைகளைப் பரிந்துரைத்தனர்.

2004இல் லான்செட் இதழில் இதனை வேடிக்கையாக விளக்கும் படம் ஒன்று வந்தது. இலண்டனைச் சேர்ந்த டாக்டர் யுட்கினும் புனே நகரத்து டாக்டர் யாஜ்னிக்கும் அருகருகே நிற்கின்றனர். இருவருக்கும் உடல் எடைக் குறியீடு 22.3தான். உடற்கொழுப்போ முன்னவருக்கு 9.1 விழுக்காடு, பின்னவருக்கு 21.2 விழுக்காடு. மெலிந்த தோற்றத்துக்குள்ளே கொழுப்பு கூடியும் தசை குறைந்தும் இருக்கும் இந்த உடலமைப்புடன் ஒருவர் புற்றுநோய்ச் சிகிச்சைக்குள் நுழைகிறார் என்றால், அவருடைய களஞ்சியம் தொடக்கத்திலேயே சிறியது என்று கொள்ளவேண்டும்.

மருந்தின் அளவும் இதனுடன் பிணைந்தது. புற்று மருந்துகளுள் பலவற்றை உடலின் மேற்பரப்புக்கு ஏற்பக் கணக்கிடுகின்றனர். அப்பரப்பை உயரத்தையும் எடையையும் கொண்டு காணும் புகழ்பெற்ற சூத்திரம் 1916இல் துபுவா உறவினர் இருவர் வகுத்தது. அவர்கள் அளந்தது ஒன்பது பேரை மட்டுமே. 165 செ.மீ. உயரமும் 60 கிலோ எடையும் உள்ள இருவருக்கு, பிற்காலத்து எளிய சூத்திரத்தின்படி மேற்பரப்பு 1.66 சதுர மீட்டர். ஒருவர் உடலில் 12 கிலோ கொழுப்பும் மற்றவர் உடலில் 21 கிலோ கொழுப்பும் இருந்தாலும் கணக்குக்கு அது தெரியாது. இருவருக்கும் ஒரே அளவு மருந்துதான் ஏறும். இதைவிட நல்ல முறை இன்னும் நடைமுறைக்கு வரவில்லை என்பதால் மருத்துவரைக் குறைகூறிப் பயனில்லை.

கொழுப்பு சும்மா கிடக்கும் சுமையும் அன்று. லாஸ் ஏஞ்சலீஸ் நகரத்து ஆராய்ச்சியாளர்கள், கொழுப்பணுக்களின் இடையே புற்றணுக்கள் பதுங்கி மருந்திலிருந்து தப்புவதை ஆய்வுக்கூடத்தில் கண்டனர். அதனைத் தொடர்ந்து, 10 வயதுக்கு மேற்பட்ட 40 சிறாருக்கும் இளைஞருக்கும் சிகிச்சையின் முதல் மாதத்தில் கலோரி அளவைச் சற்றே குறைத்து, உடற்பயிற்சியும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்து 2021இல் முடிவை வெளியிட்டனர். மாத இறுதியில் மிஞ்சியிருந்த நோயணுக்கள் குறைவாயிருந்தன. கைப்பேசிச் செய்திகள் இந்த ஆய்வைப் பட்டினிக்குச் சான்றாகக் காட்டக்கூடும். அவ்வாறு கொள்வதற்கில்லை. குறைத்தது ஓரளவே, உணவியலாளர் உடனிருந்தார், உடலும் அசைந்துகொண்டிருந்தது. ஆய்வும் சிறியது.

எதிர்த்திசையிலும் பாடம் உண்டு. அடையாறு புற்றுநோய் நிலையம் போன்ற இந்திய நிலையங்களுக்கு வரும் ஏழைக் குழந்தைகளிடம் ஊட்டக் குறைவு நெடுங்காலச் சிக்கல். குவாட்டமாலா நாட்டில் இரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளின் மேற்கைச் சுற்றளவையும் தோல்மடிப்பையும் அளந்து, மெலிந்தவர்களை உணவால் தேற்றினர். ஆறு மாதத்துக்குள் தேறிய குழந்தைகள், தொடக்கத்திலேயே நல்ல ஊட்டத்துடன் இருந்தவர்களுக்கு நிகராகப் பிழைத்தனர் என்று 2013இல் எழுதினர்.

அளப்பது எவ்வாறு

பெரிய மருத்துவமனைகளில் எலும்பு, கொழுப்பு, ஏனைய திசு மூன்றையும் தனித்தனியே காட்டும் டெக்சா கதிர்க்கருவி உண்டு. மிதித்து நின்றால் மெல்லிய மின்னோட்டத்தால் கணக்கிடும் கருவிகளைக் கடைகளிலேயே விற்கின்றனர். உடலில் நீர் கோத்திருக்கும்போது இவை இரண்டுமே அந்நீரையும் தசைக் கணக்கில் சேர்த்துவிடும். ஆகவே எண்ணை மட்டும் நம்பாமல், தசை வேலை செய்கிறதா என்று பார்ப்பது அறிவுடைமை. ஆசிய வல்லுநர் குழு 2019இல் தந்த அளவுகள் முதியவர்களின் தசைத் தேய்வைக் கண்டறிய வகுத்தவை. எனினும் பிறருக்கும் ஓரளவு வழிகாட்டும். கெண்டைக்காலின் பருத்த இடத்தில் சுற்றளவு ஆணுக்கு 34, பெண்ணுக்கு 33 செ.மீ.க்குக் குறைந்தாலும், கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்துமுறை எழுந்து அமர 12 வினாடி அல்லது அதற்கு மேல் பிடித்தாலும் கவனம் தேவை. தையற்கார நாடாவும் கடிகாரமும் இல்லாத வீடு ஏது? கால் வீங்கியிருக்கும்போது நாடா பொய் சொல்லும். தட்டணுக்கள் மிகக் குறைந்திருக்கும் நாள்களிலும் தலை சுற்றும் நாள்களிலும் எழுந்து அமரும் சோதனை வேண்டாம்.

பிடோக் அடுக்களையில்

புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர், எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 25 முதல் 30 கலோரியும், புரதம் ஒரு கிராமுக்கு மேலாக, இயன்றால் ஒன்றரை கிராம் வரையும் பெறவேண்டும் என்று ஐரோப்பிய ஊட்டவியல் சங்கம் வழிகாட்டுகிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு 60 முதல் 90 கிராம் புரதம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்க்கு மருத்துவர் வேறு அளவு சொல்வார்.

இந்தக் கணக்கைப் பெரியம்மா சொன்ன பத்தியத்தின்மேல் போட்டுப் பார்க்கலாம். மூன்று கிண்ணம் கஞ்சியில் ஒன்பது கிராம் புரதம் இருந்தால் அதிகம். இரண்டு இட்லியில் நான்கு கிராம். பால் விட்ட காப்பியில் ஓரிரு கிராம். இரசத்தில் ஏதுமில்லை என்றே சொல்லலாம். நாள் முழுதும் அன்போடு ஊட்டியும் இருபது கிராமைத் தொடவில்லை. மீதி நாற்பதையும் உடல் தன் தசையில் தேடும். கஞ்சி கெட்ட உணவு என்பதன்று. வாய் புண்ணானவருக்கு அதனினும் இதமானது கிடையாது. கஞ்சி தனியாக நிற்பதுதான் குற்றம்.

பிடோக் வடக்கு முதல் தெருவில் 216ஆம் புளோக்குச் சந்தையிலும் அதையொட்டிய கடைகளிலும் கிடைப்பவற்றைக் கொண்டே இதனைச் சரிசெய்துவிடலாம். ஒரு முட்டையில் 6 கிராம். ஒரு குவளைப் பாலில் ஆறேழு கிராம். சமைத்த மீன் 100 கிராமில் ஏறத்தாழ 20. தவ்வு 100 கிராமில் சுமார் 8. கொதிக்கும் கஞ்சியில் முட்டையை அடித்து ஊற்றி வேகவிடுவதும், முள் நீக்கிய மீனை உதிர்த்துப் போடுவதும், பருப்பைக் குழைத்துச் சேர்ப்பதும் விழுங்குவதற்குத் தடையாகா. இரண்டு முட்டை, இரண்டு குவளைப் பால், ஒரு துண்டு மீன், கொஞ்சம் தவ்வு, ஒரு கரண்டிப் பருப்பு என்று நாள் முழுதும் பிரித்துக் கொடுத்தால், சோற்றையும் ரொட்டியையும் சேர்த்து எழுபதை எட்டலாம். மூன்று வேளை என்பதை மறந்து, இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை சிறுகச் சிறுகக் கொடுப்பதே நோயாளிக்கு ஏலும். பலருக்குக் காலையில்தான் வாய் சற்றுத் தெளிந்திருக்கும். அந்த வேளையைக் காப்பியோடு விட்டுவிடக் கூடாது.

ஸ்டீராய்டு வாரங்களில் சிக்கல் தலைகீழ். அப்போது கேட்பதையெல்லாம் கொடுத்தால் கொழுப்பே சேரும். ஸ்டீராய்டும் அஸ்பாரஜினேஸும் சேர்ந்து இரத்தச் சர்க்கரையையும் ஏற்றக்கூடும். நீரிழிவு மலிந்த நம் சமூகத்தில் இதனைச் சொல்லவே வேண்டியதில்லை. இனிப்புப் பானத்தையும் கறிபாப்பையும் ஒதுக்கி, அவித்த முட்டையையும் சுண்டலையும் கையருகே வைப்பது பயன் தரும். நடக்க முடிந்த நாளில் வராந்தாவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடக்கவேண்டும். உண்ட புரதம் தசையில் தங்குவதற்கு அசைவு இன்றியமையாதது.

பச்சைக் காய்கறி, பழம் அனைத்தையும் வெள்ளணு குறைந்த காலத்தில் அறவே தடுக்கும் வழக்கம் ஒன்று இருந்துவருகிறது. 2008இல் ஹூஸ்டன் நகரில் 153 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்குச் சமைத்ததை மட்டும், மறு பிரிவினர்க்குப் பச்சைப் பழம் காய்கறியும் கொடுத்து ஒப்பிட்டனர். கடுந்தொற்றிலோ உயிரிழப்பிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பின்வந்த ஆய்வுகளும் இதனையே சொல்கின்றன. தடையைவிடத் தூய்மையே முக்கியம்: நன்கு கழுவுதல், தோலுரித்தல், சூடாக உண்ணுதல், நெடுநேரம் வெளியில் கிடந்ததைத் தவிர்த்தல். ஆனால் பச்சை மீன் வேறு சங்கதி. 2015இல் கஞ்சியோடு பச்சையாகப் பரிமாறிய நன்னீர் மீனை உண்ட சிங்கப்பூரர் பலர், நலமாயிருந்தவர் உட்பட, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் தாக்குண்டனர். அவ்வாண்டு இறுதியில் அத்தகைய மீனைப் பச்சையாக விற்பதை அரசு தடைசெய்தது.

எதிர்வீட்டு மூதாட்டியின் சூப்பை வாங்குவதில் குற்றமில்லை. அதில் விழுந்த வேர்கள் யாவை என்று கேட்டு மருத்துவரிடம் சொல்லிவிட்டுக் கொடுப்பதே முறை. சில மூலிகைகள் ஈரலில் மருந்து கழியும் வேகத்தை மாற்றுபவை. உயிர்ச்சத்து மாத்திரைகளும் அவ்வாறே. மெத்தோட்ரெக்சேட் பெறுபவர் சாப்பாட்டிலுள்ள கீரைக்கு அஞ்ச வேண்டியதில்லை. ஃபோலிக் அமில மாத்திரையை மட்டும் கேளாமல் விழுங்கலாகாது.

குழந்தைகளின் தாய்மார் அடிக்கடி கேட்கும் ஐயம் ஒன்று எஞ்சியிருக்கிறது. லிம்ஃபோபிளாஸ்டிக் வகைக்குச் சிகிச்சை இரண்டு மூன்று ஆண்டுகள் நீள்கிறது. அதில் பெரும்பகுதி மெர்காப்டோப்யூரின் மாத்திரையை வீட்டிலேயே கொடுக்கும் காலம். சிங்கப்பூரும் மலேசியாவும் சேர்ந்து நடத்திய சிகிச்சைத் திட்டத்தின் 2012ஆம் ஆண்டு அறிக்கைப்படி, ஐந்து குழந்தைகளில் நால்வர் ஆறு ஆண்டுக்குப் பின்னும் நோய் திரும்பாமல் இருந்தனர். இந்த மாத்திரையும் அச்சிகிச்சையில் ஓர் உறுப்பு. பசும்பாலில் உள்ள ஒரு நொதி இம்மருந்தைச் சிதைக்கும் என்பதால், பாலோடு கொடுக்காதே, இரவில் வெறும் வயிற்றில் கொடு என்று நெடுங்காலம் சொல்லிவந்தனர். அமெரிக்காவில் பல குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2017இல் வெளியிட்ட ஆய்வில், பாலுடனோ உணவுடனோ கொடுத்ததற்கும் நோய் திரும்பியதற்கும் தொடர்பு காணப்படவில்லை. நூறு நாளில் ஐந்து நாளுக்கு மேல் மாத்திரை தவறிய பிள்ளைகளிடமே நோய் திரும்பும் வாய்ப்பு இரு மடங்குக்கு மேல் இருந்தது. தூங்கி வழியும் பிள்ளையை எழுப்பி வெறும் வயிற்றில் கொடுக்கப் போராடுவதைவிட, மாலையில் மைலோவுடன் ஒழுங்காக இறங்குமானால் அவ்வாறே கொடுக்கலாமா என்று அடுத்த முறை மருத்துவமனை செல்லும்போது கேட்டுக்கொள்ளலாம்.